தறி மூன்று, தட்டு ஒன்று

“பாப்பாவுக்குத் தாளம் நிக்கலைங்க, ஓடுது” என்று பாட்டு மிஸ் சொன்னபோது, நான் மாடிப்படியில் உட்கார்ந்து மகளுக்குச் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தேன். மிஸ்ஸுக்கு என் வயதுதான் இருக்கும். வார நாட்களில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமைகளில் சேலம் அம்மாபேட்டையில் தன் வீட்டு மாடி ஹாலில் பன்னிரண்டு சின்னக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறார். எதையும் சுற்றி வளைத்துப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை.

“இன்னும் ஒரு மாசம் பாக்கலாம். ரெண்டாங்காலம் நிக்கலைன்னா அடுத்த வருசம் கூட்டிட்டு வாங்க. அஞ்சு வயசுதானே, என்ன அவசரம்?”

அவருக்கு அவசரமில்லை. என் நிலைமை வேறு. என் மகள் பள்ளியில் பேச மாட்டாள். யூகேஜியில் சேர்த்து ஏழு மாதம் ஆகியும், ‘குழந்தை வாயைத் திறப்பதில்லை’ என்றுதான் ஒவ்வொரு முறையும் டைரியில் எழுதி அனுப்பினார்கள். வீட்டில் என்னிடமும், பக்கத்து வீட்டு அக்காவிடமும் நன்றாகப் பேசுவாள். வெளியே போனால் உதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள். பாட்டு வகுப்பில் சேர்த்த முதல் நாள், பின்வரிசையில் உட்கார்ந்து மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து அவள் ‘ஸ ரி க ம’ என்று பாடியதைக் கேட்டபோது, நான் ஒன்றும் தெரியாதவள் போலக் கைப்பைக்குள் எதையோ தேடினேன். வீட்டுக்கு வெளியே அவள் குரல் கேட்கும் இடம் அது ஒன்றுதான். அதையும் ஒரு வருடம் மூடி வைத்தால் மறுபடி திறக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊர் ஆட்டையாம்பட்டியிலிருந்து சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து இன்னொரு பஸ். திரும்பி வரும்போது மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். நான் ‘தாளம் ஓடுவது ஏன்’ என்று போனில் தேடிக்கொண்டு வந்தேன். ‘கவனக் குறைவு’ என்று ஒரு பக்கம். ‘செவித்திறன்’ என்று இன்னொரு பக்கம். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

அந்த வகுப்பில் காலத்தை எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதற்கு முன் சங்கீதத்தில் அரிச்சுவடிகூடத் தெரியாது. நான் படித்தது கணிதம். எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுக் கல்யாணம் வரை ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா எடுத்தேன்.

மிஸ் முதலில் குழந்தைகளை எழுப்பி ஹாலில் வட்டமாக நடக்கவிடுவார். ஒரு அடி எடுத்து வைத்தால் ஒரு ஸ்வரம். அது முதற்காலம். பிறகு அதே நடையில், ஒரு அடிக்கு இரண்டு ஸ்வரம். அது இரண்டாங்காலம். எல்லாக் கஷ்டமும் ‘அதே நடை’ என்பதில்தான் இருக்கிறது. ஸ்வரம் இரண்டு மடங்கு ஆனதும் குழந்தைகளுக்குக் காலும் இரண்டு மடங்காகிவிடும். பன்னிரண்டு பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் மோதிக்கொண்டு ஓடுவார்கள்.

“யாரு பஸ்ஸப் புடிக்கப் போறீங்க?” என்று மிஸ் கேட்பார். “வாய்க்குத்தான் வேலை ஜாஸ்தி. காலுக்கு அதே வேலைதான்.”

“காலு தானாப் போகுது மிஸ்!”

“தானாப் போச்சுன்னா போய்க் கூட்டிட்டு வா.”

ஒரு நாள் டப்பாவில் இட்லி கொண்டுவந்தார். நிமிடத்துக்கு ஒருமுறை வாயைத் திறக்க வேண்டும், ஒரு வாய்க்கு ஒரு துண்டு. அடுத்த சுற்றில் ஒரு வாய்க்கு இரண்டு துண்டு, ஆனால் வாய் திறக்கும் நேரம் மாறக் கூடாது. கன்னம் உப்பி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துப் புரையேறியதுதான் மிச்சம் என்று நான் நினைத்தேன். அடுத்த வாரம் பாதிக் குழந்தைகளுக்குப் பிடிபட்டிருந்தது.

நடந்து முடித்ததும் உட்கார்ந்து தொடையில் தாளம் போட வேண்டும். ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டித் திருப்பித் தட்டித் திருப்பி, ஆக எட்டு எண்ணிக்கை. கை எப்போதும் ஒரே வேகம், வாய் மட்டும் மாறும். மிஸ்ஸுக்குப் பின்னால் சுவரோரமாக நாங்கள் அம்மாக்கள் ஏழெட்டுப் பேர் குழந்தைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். நோட்டில் எழுதிக்கொள்வோம், மடியில் நாங்களும் தட்டிக்கொள்வோம்.

தாளம் ஓடுகிறது என்று சொன்ன அன்று மிஸ் இன்னொன்றும் சொல்லியிருந்தார். “நடக்கறப்ப சரியா இருக்கா. உக்காந்தா ஓடறா. அதுதான் எனக்குப் புரியல.” அதை நான் நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மறுநாளிலிருந்து சாயங்காலம் ஆறரை மணிக்கு விளக்கேற்றிவிட்டு அவளை உட்கார வைத்தேன். அவள் தொடையில் என் கையை வைத்து நானே தாளம் போட்டேன். அவள் தப்பாகத் தட்டிப் பழகிவிடக் கூடாது, சரியான தாளம் உடம்பில் ஏறட்டும் என்று எண்ணம். சுவரில் எட்டுக் கட்டம் போட்ட அட்டை ஒட்டினேன். போனில் டக் டக்கென்று அடிக்கும் ஆப் ஒன்றை இறக்கினேன். அது அடிக்க ஆரம்பித்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டு, “இது ஆஸ்பத்திரில கேக்குமே, அதும்மா” என்றாள். எடுத்துவிட்டேன்.

முதற்காலம் ஒழுங்காகப் போகும். இரண்டாங்காலத்தின் பாதியில் ஓட ஆரம்பித்துவிடுவாள். “மறுபடியும்” என்பேன். மறுபடியும் ஓடுவாள். நான்காவது ‘மறுபடியும்’ வரும்போது உதட்டை மடித்துக்கொள்வாள். பள்ளிக்கூடத்து உதடு அது. வீட்டில் அதுவரை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது வாரம் சேலத்தில் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று முணுமுணுப்பாக ஏதேதோ சொன்னார். அவள் ஒன்று விடாமல் என் காதில் திருப்பிச் சொன்னாள். “காது ரெண்டும் நல்லா இருக்கும்மா, கொஞ்சம் அழுக்கு இருக்கு, அவ்வளவுதான்” என்று எடுத்துவிட்டு, “எதுக்காகக் கூட்டிட்டு வந்தீங்க?” என்றார்.

“பாட்டுல ரெண்டாங்காலம் நிக்க மாட்டேங்குதுங்க டாக்டர்.”

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அதுக்கு எங்கிட்ட மருந்து இல்லைங்களே.”

காது நன்றாக இருக்கிறது என்றால், காதில் விழுகிற ஏதோ ஒன்றுதான் அவளைக் கெடுக்கிறது என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிப் பக்கத்து வீட்டு அக்காவின் தறிப் பட்டறை இருக்கிறது. அக்காவும் அவர் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றி ஓட்டுகிற இரண்டு விசைத்தறிகள். ஒன்று தள்ளி இருக்கிறது. இன்னொன்று எங்கள் முன்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சத்தத்தில் எனக்குத் தலைவலி வரும். இப்போது அது நின்றால்தான் என்னவோ என்று நிமிர்ந்து பார்ப்பேன். மகள் பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் தூங்குகிறாள். இதுதான் காரணம் என்று தோன்றியது. நிற்காமல் ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் வளர்கிற குழந்தை வேறு எப்படி இருக்கும்?

தறிக்காரரிடம் போய்த் தறியை நிறுத்துங்கள் என்று கேட்க இங்கே யாருக்கும் வாய் வராது. எனக்கு எப்படி வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. அக்கா அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார்.

“அக்கா, சாயங்காலம் ஆறரைலருந்து ஏழு வரைக்கும் சுவத்தோரத் தறிய மட்டும் நிறுத்தி வெக்க முடியுங்களா? பாப்பா பாட்டுப் படிக்கறா. சத்தத்துல அவளுக்குக் காலம் ஓடுதுங்க.”

அவர் நூலை விட்டுவிட்டு நிமிர்ந்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சிரித்தார்.

“ஏங்கண்ணு, தெனமும் காத்தால ஏழரை மணிக்கு உங்க ஊட்டுலருந்து ஒரு சத்தம் வருமே, ‘சீக்கிரம் சீக்கிரம், வேன் வந்துருச்சு, சீக்கிரம்’னு. அதுல எங்க தறிச் சத்தமே எங்களுக்குக் கேக்கறதில்ல. நாங்க என்னிக்காச்சும் நிறுத்தச் சொல்லிருக்கோமா?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. “இல்லைங்க அக்கா, சும்மாதான் கேட்டேன், உடுங்க” என்று திரும்பினேன்.

“அட, இரு சாமி. ரெண்டு நாளைக்கு நிறுத்தறேன். நானும் உக்காந்து காப்பி குடிச்ச மாதிரி ஆச்சு. ஏழு அடிச்சா ஓட்டிருவேன், ஆமா.”

சொன்னபடி நிறுத்தினார். வீடு அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஏழு மணிக்குள் முடிக்க வேண்டுமே என்று மணியைப் பார்த்துக்கொண்டே தாளம் போட்டேன். அந்த இரண்டு நாளும் அவள் இதுவரை ஓடாத ஓட்டம் ஓடினாள். முதற்காலமே ஓடியது. அக்காவிடம் போய், “ரொம்ப நன்றிங்க அக்கா, இனிமே ஓட்டுங்க” என்றேன்.

“நின்னுதா?”

“இல்லைங்க.”

“அப்ப என்ர தறி மேல தப்பில்ல” என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. உண்மையிலேயே அவருக்கு அந்தச் சந்தேகம் இருந்திருக்கும் போல.

அன்று சாயங்காலம் கணவர் கூப்பிட்டார். அவர் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் மேனேஜர். வண்டி அப்போது மத்தியப் பிரதேசத்தில் இருந்தது. மூன்று மாதம் அங்கே, ஒரு மாதம் வீட்டில். நான் மிஸ் சொன்னது, டாக்டர் சொன்னது, தறி நின்றது எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஏம்புள்ள, மூச்சு உட்டுப் பேசு. நீ பேசுனதுல பாதி இன்னும் வந்து சேரல. இங்க டவர் வேற கம்மி.”

“உங்களுக்கு எல்லாம் வெளையாட்டுங்க.”

“வெளையாடல. புள்ளைக்குப் புடிச்சாப் பாடட்டும், இல்லாட்டி உடு.”

விடுவதா? அவர் அந்த மடித்த உதட்டைப் பார்த்ததில்லை. வீடியோவில் அப்பாவைப் பார்த்தால் அவள் குதிப்பாள். ஆனால் விட்டுவிடலாமோ என்று நானும் அன்று யோசித்தேன் என்பதை இங்கே எழுத வேண்டும். பாட வைப்பதற்காக அவளை உட்கார வைத்து, வீட்டிலும் பேசாமல் ஆக்கிக்கொண்டிருக்கிறேனோ? நான் எது செய்தாலும் அதற்கு நேர்மாறானதுதான் சரியோ என்று ஒரு யோசனை எனக்கு எப்போதும் வரும். அப்படி யோசித்து இரண்டையும் செய்யாமல் விட்ட காரியங்கள் பல.

வியாழக்கிழமைதோறும் வீட்டுப் பயிற்சியைப் பதிவு செய்து மிஸ்ஸின் வாட்ஸ்அப்புக்கு அனுப்ப வேண்டும். மூன்றாவது வாரப் பதிவை அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை பஸ்ஸில் போகும்போது, எங்கே ஆரம்பித்து ஓடுகிறாள் என்று குறித்துக்கொள்ளலாமே என்று காதில் இயர்போன் மாட்டிக் கேட்டேன். இதற்கு முன் போனை அடுப்பு மேடையில் வைத்து வேலையோடு வேலையாகக் கேட்பேன், அவள் குரல் மட்டும்தான் காதில் விழும். இப்போது எல்லாம் கேட்டது. அவள் குரல், அதற்குப் பின்னால் சுவருக்கு அந்தப் பக்கத்துத் தறி, அப்புறம் என் வளையல்.

தாளம் போடும்போது என் கண்ணாடி வளையல் குலுங்கும் என்பதை நான் யோசித்ததே இல்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ‘சில்’ என்று ஒரு சத்தம். தறி சடக், சடக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. கணக்குப் படித்த பழக்கம், எண்ணிப் பார்த்தேன். வளையல் ஒருமுறை குலுங்குவதற்குள் தறி மூன்று அடி அடித்தது. மூன்றுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று. முதற்காலம் முழுக்க அப்படியே. இரண்டாங்காலம் ஆரம்பித்ததும் மூன்று அடி முடிவதற்குள் வளையல் குலுங்கிவிட்டது. அடுத்தது இன்னும் முன்னால். வரி முடியும்போது தறி இரண்டு அடிக்க வளையல் ஒன்று.

தறி மாறவில்லை. மோட்டாரில் ஓடுவது, அது எப்படி மாறும்? மகளின் குரலைத் தனியாகக் கவனித்துக் கேட்டேன். அவள் தறியோடுதான் இருந்தாள். வளையல் முந்துகிறது. அவள் ஒரு நொடி தயங்குகிறாள், தயங்குவது பதிவில் தெரிகிறது. பிறகு இரண்டு ஸ்வரத்தை விழுங்கிவிட்டு வளையலைப் பிடிக்க ஓடுகிறாள். பிடித்ததும் வளையல் மறுபடி முந்துகிறது.

நான்கு முறை கேட்டேன். ஒருவேளை தறிதான் மெதுவாகிறதோ என்றுகூட ஒருமுறை எண்ணினேன். இல்லை.

பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது மகளிடம் கேட்டேன். “பாப்பா, ரெண்டாங்காலத்துல நீ ஏன் சாமி வேகமாப் போற?”

“நீதானம்மா வேகமாத் தட்டற. நான் உன்னப் புடிக்க வாரேன்.”

“அத ஏன் எங்கிட்டச் சொல்லல?”

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். “தாளம் போடறவங்க பின்னாடியே போகணும்னு மிஸ் சொல்லிருக்காங்கல்ல.”

அவள் சொன்னபடி கேட்டிருக்கிறாள். வகுப்பில் உட்கார்ந்து பாடும்போதும் மிஸ்ஸைப் பார்க்காமல், அவருக்குப் பின்னால் சுவரோரம் இருக்கிற என் கையைப் பார்த்திருக்கிறாள். வட்டமாக நடக்கும்போது நான் கண்ணில் படுவதில்லை, அதனால் சரியாக நடந்திருக்கிறாள். மிஸ்ஸுக்குப் புரியாததும், நான் அடிக்கோடு போட்டதும் இதுதான்.

வகுப்பு முடிந்ததும் மிஸ்ஸிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டுவிடலாமா, அடுத்த வாரம் தாளம் போடாமல் இருந்தால் போதுமே என்று படியேறும்போது நினைத்தது உண்மை. சொன்னபோது காது சுட்டது. மிஸ் சிரிக்கவில்லை.

“வாங்க, நடங்க” என்றார்.

“நானுங்களா?”

“நீங்கதான்.”

வீட்டுக்குப் போகாத நான்கைந்து குழந்தைகளோடு என்னையும் வட்டத்தில் சேர்த்துக்கொண்டார். முதற்காலம் நடந்தேன். இரண்டாங்காலம் என்று அவர் சொன்னதும் என் கால் என்னைக் கேட்காமல் நீண்டது. முன்னால் போன சின்னப் பெண்ணின் ஜடையில் என் கை மோதியது.

“மிஸ், இந்த ஆன்ட்டி பஸ்ஸப் புடிக்கப் போறாங்க மிஸ்!”

எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள், பல் தெரிய, அத்தனை பேர் நடுவில். மூன்று சுற்று நடந்தேன். ஒரு சுற்றாவது சரியாக இருந்ததா என்று கேட்டேன். “இல்லைங்க” என்றார் மிஸ். “நீங்க அடுத்த அடிய இப்பவே வெச்சறணும்னு பாக்கறீங்க. அது வர்ற வரைக்கும் அங்கயே இருக்கணும்.” இனி வீட்டில் நான் தாளம் போடக் கூடாது, மகள் தன் கையால் தானே போட வேண்டும் என்றும் சொன்னார். ஒரு வாரம்தான் மீதி இருந்தது.

கணவரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். “இதுக்குக் காது டாக்டர் வரைக்கும் போனியா?” என்றார். “எங்கிட்டக் கேட்டிருந்தா நான் சொல்லிருப்பனே.” அதற்குப் பிறகு அவர் சிரித்தது டவர் நன்றாக இருந்ததால் முழுதாகக் கேட்டது.

அந்த வாரம் மகள் முன்னறைச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். தறியின் அதிர்வு அந்தச் சுவரில் லேசாகத் தெரியும். தன் தொடையில் தன் கையால் தட்டினாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். முதல் நாளே என் கை மடியில் ஆட ஆரம்பித்துவிட்டது, அவள் கண் உடனே அங்கே போனது. இரண்டாம் நாள் வளையலைக் கழற்றி வைக்கலாமா என்று யோசித்தேன். கல்யாணமான நாளிலிருந்து வெறுங்கையாக இருந்ததில்லை. அக்காவிடம் கேட்டேன்.

“வெளக்கு வெக்கற நேரத்துல வெறுங்கையா உக்காராத கண்ணு. கைக்குட்டையச் சுத்திக்கோ.”

சுற்றிக்கொண்டேன். சத்தம் நின்றது, கை நிற்கவில்லை. மூன்றாம் நாள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். வேறு வழி தெரியவில்லை.

அவளுக்கு இரண்டாங்காலம் நின்றது. உடனே எனக்கு அடுத்த கவலை வந்தது. தறியைப் பிடித்துக்கொண்டு பாடுகிறாள், தறி இல்லாத இடத்தில் என்ன செய்வாள்? மிஸ்ஸுக்கு அதை எழுதி அனுப்பினேன். அனுப்பியதை அழித்தேன். மறுபடி எழுதி அனுப்பினேன். “முதல்ல ஒண்ணப் புடிச்சுக்கட்டும்ங்க. எப்படி விடறதுன்னு நான் பாத்துக்கறேன்” என்று பதில் வந்தது.

மிஸ் அதைப் பார்ப்பதற்கு ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார். ஒரு சுற்று வாய்விட்டுப் பாட வேண்டும். அடுத்த சுற்று கை மட்டும் போட்டுக்கொண்டு மனதுக்குள் பாட வேண்டும். மூன்றாவது சுற்று மறுபடி வாய்விட்டு. மனதுக்குள் ஓடினவர்கள் முன்னாலேயே வந்து விழுவார்கள். மிஸ்ஸின் கையையும் அப்போது பார்க்கக் கூடாது, அவர் திரும்பி நின்றுகொள்வார்.

மாதம் முடிகிற சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் மிஸ் மகளை மட்டும் இருக்கச் சொன்னார். “நீங்க வெளில இருங்க” என்றார் என்னிடம். நான் கதவுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்தேன். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன், பார்க்க யாருமில்லை என்றாலும். கீழே தெருவில் ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன. அங்கேயும் எங்கோ தறி ஓடுகிறதா என்று காதைத் தீட்டினேன். கேட்கவில்லை.

முதற்காலம் பாடினாள். அதில் எனக்குப் பயமில்லை. இரண்டாங்காலம் ஆரம்பித்தது. சின்னக் குரல், ஆனால் கதவைத் தாண்டி வந்தது. ஓடவில்லை. சுற்று முடிந்தது. பிறகு சத்தமில்லை. மனதுக்குள் பாடும் சுற்று.

நானும் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டு வந்துவிட்டது. உள்ளே சத்தமில்லை. ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது. உதட்டை மடித்துக்கொண்டாள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அந்த நேரத்தில் அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எழுந்து கதவைத் திறந்து, வேண்டாம் மிஸ், அடுத்த வருடம் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிடலாம் என்று பாதி எழுந்தும்விட்டேன்.

‘ஸ’ என்று அவள் குரல் வந்தது. பதற்றமில்லாமல், வர வேண்டிய இடத்துக்கு வந்தது போல வந்தது. அப்போதுதான் என் எட்டு அவளுடைய எட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது என்று புரிந்தது. மறுபடி படியில் உட்கார்ந்தேன். அந்தச் சுற்று முழுவதும் நான் எண்ணவில்லை.

மிஸ் கதவைத் திறந்தார். “மூணாங்காலம் இப்ப வேண்டாம். ரெண்டு நிக்குது. அடுத்த சனிக்கிழமை வந்துருங்க” என்றார். “நீங்களும் நடக்கத் தயாரா வாங்க.”

மகள் வெளியே வந்தாள். நான் அவள் செருப்பை எடுத்து வைத்து, “சீக்கிரம் போடு சாமி, பஸ்...” என்றேன். அவள் படியில் உட்கார்ந்து, ஒரு வாரை மாட்டினாள். பிறகு இன்னொன்றை எடுத்தாள். நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன்.